டேட்டா எங்கே போகுது?

"நான் ஒண்ணும் பார்க்கலையே, ரீலோட் பண்ணின காசு எங்க போச்சு?" என்று லயத்தில் பலரும் கேட்கிறார்கள். போனுக்கு இரண்டு வழியில் இன்டர்நெட் வரும். டவரிலிருந்து நேரே வருவது மொபைல் டேட்டா. மேலே 4ஜி என்று காட்டுவது இதுதான். ரவுட்டர் பெட்டியிலிருந்து வருவது வைஃபை. இரண்டு மூன்று காம்பராச் சுவர் தாண்டினாலே அது மெலிந்துவிடும்.

ஹொட்ஸ்பொட்டில்தான் நாம ஏமாறுறோம். மகளின் போனில் வைஃபை அடையாளம் தெரியும். செலவாவதோ அம்மாவின் டேட்டா. மகளின் போன் அதை வைஃபை என்றே எடுத்துக்கொண்டு அப்டேட்டுகளையும் தானாக இறக்கிவிடக்கூடும். ஒரு ஜிபி என்பது ஏறக்குறைய 1,000 எம்பி. பாடக் குறிப்புக்குச் சில எம்பி போதும். தெளிவான வீடியோ என்றால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு ஜிபியே முடிஞ்சிடலாம். பாடம் முடிஞ்சதும் ஹொட்ஸ்பொட்டை நிறுத்திடுங்க.