நெற்றியில் சிவப்பு மச்சம்: எந்த ஸ்கேன், எப்போது?

குழந்தை பிறக்கும்போதே நெற்றியிலும் மேல் இமையிலும் நாவல்பழச் சாறு பட்டதுபோல் சிவந்த திட்டு இருந்தால், கிரகண நேரத்தில் தாய் வெளியே வந்ததுதான் காரணம் என்று வீட்டில் பேச்சு எழும். அந்தப் பழியை எந்தத் தாயும் சுமக்க வேண்டியதில்லை. கரு வளரும்போது சில செல்களில் மட்டும் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணு மாறுவதே காரணம் என்று 2013-இல் கண்டறிந்தார்கள். இது பெற்றோர் வழி வருவதல்ல.

இத்தகைய மச்சம் உள்ள எல்லாக் குழந்தைக்கும் ஆபத்து இல்லை. சிலருக்கு மட்டும் மச்சத்தை உண்டாக்கும் அதே ரத்தக்குழாய்க் கோளாறு மூளையின் உறையிலும் கண்ணிலும் இருக்கும். ஸ்டர்ஜ்-வெபர் நோய் என்று இதற்குப் பெயர். 20,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். நெற்றியில் மச்சம் இருந்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

இந்த நோயின் பெயரில் இடம்பெற்ற மருத்துவர் வெபர் 1922-இல் எக்ஸ்ரேயில் கண்டது மூளையில் படிந்த சுண்ணாம்பை. சிடி ஸ்கேன் அதை நன்றாகக் காட்டும். ஆனால் அது படிவதற்குள் பாதிப்பு நடந்து முடிந்திருக்கும், கதிர்வீச்சும் உண்டு. இன்று எடுக்க வேண்டியது, நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ. செலவைக் குறைக்க மருந்தில்லாமல் எடுத்தால் உறையிலுள்ள கோளாறு தெரியாமலே போகலாம். அதனால் ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன்பே, மருந்து ஏற்றித்தான் எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். குழந்தையை மயக்கித்தான் எடுக்க வேண்டுமென்றால், மயக்க மருத்துவர் உடனிருப்பாரா என்றும் கேளுங்கள்.

முதல் சில மாதங்களில் எடுத்த ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வலிப்பு இல்லாத குழந்தைக்கு ஒரு வயதை ஒட்டி எடுக்கலாம் என்று மருத்துவர் சொல்வது அலட்சியம் அல்ல. ஒரு பக்கக் கையோ காலோ வெட்டி இழுத்தால், அல்லது ஒரு கையைக் குழந்தை பயன்படுத்தாமலே விட்டால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இழுக்கும்போது இரும்பைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

கண்ணுக்கு ஸ்கேன் வரை காத்திருக்கவே கூடாது. கண் அழுத்தத்தை எம்ஆர்ஐ அளந்து சொல்லாது. பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கண் என்று ஊரே மெச்சும். அந்தப் பெரிய கண்ணே அழுத்தத்தால் விரிந்ததாக இருக்கலாம். நீர் வடிந்தாலும் வெளிச்சத்துக்குக் கூசினாலும் தள்ளிப்போடாதீர்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் பிறந்த உடனேயும், பிறகு தொடர்ந்தும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை. பார்வைக் குறைவோ அறிவுத்திறன் குறைபாடோ நிலைத்துவிட்டால், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். அங்கே முதலில் கேட்பது இந்தப் பதிவுகளைத்தான்.