கடைசி ஏழு மீட்டர்

கான்சஸ் சிட்டியைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பெரிய பலசரக்குக் கடை ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில், கையில் செல்பேசியோடு ஒரு விளக்குக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ஜூலை மாத வெயில் தார்த்தரையில் பட்டு முகத்தில் அடித்தது. காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னையே பார்த்தார். அவர் கிளம்பும் வரை யாரிடமோ பேசுவதுபோலச் செல்பேசியைக் காதில் வைத்துக்கொண்டேன். பிறகு குனிந்து, கம்பத்தின் அடியில் போல்ட்டுகளை மறைக்கும் சதுரத் தகர மூடியைத் தூக்கினேன். பாவாடை மாதிரி மேலே வந்தது. உள்ளே பழைய பிலிம் சுருள் டப்பா. அதற்குள் சுருட்டிய தாள். தாள் முழுக்கக் கையெழுத்து. கடைசியில் என் பெயரையும் தேதியையும் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்து, மூடியை இறக்கிவிட்டேன்.

இதற்குப் பெயர் ஜியோகேஷிங். ஒருவர் ஒரு டப்பாவை எங்கோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் தாளில் கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான் பரிசு. டப்பா பெரிதாக இருந்தால் உள்ளே பொம்மை, சாவிக்கொத்து என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன. ஆட்டம் தெரியாதவர்களுக்கு 'மகிள்' என்று பெயர்; ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் அறியாதவர்களைக் குறிக்கும் சொல். மகிள் கண்ணில் படாமல் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும். பாட்டி ஒரு மகிள்.

கான்சஸ் என்றாலே அமெரிக்கர்கள் கொட்டாவி விடுவார்கள். இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலை அந்த மாநிலத்தைக் கிழக்கு மேற்காக 680 கி.மீ. கடக்கிறது. அறுப்பு முடிந்த கோதுமை வயல், வானம், பத்து மைல் முன்னாலேயே தெரிந்து வர மறுக்கும் தானியக் கிடங்கு. பிறகு மறுபடியும் வயல். தனியாக ஓட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றதும் அலுவலக நண்பர் சொன்னது ஒன்றுதான்: "தூங்கிடாதே." ஆனால் 'ஓர் இடம் என்பது சரியாக எங்கே இருக்கிறது' என்ற கேள்வியில் பித்துப்பிடித்தவர்களுக்குக் கான்சஸ் ஒரு க்ஷேத்திரம். அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவின் நடுப்புள்ளி அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் கண்டத்தின் வரைபடங்களுக்கெல்லாம் மூலமாக இருந்த புள்ளியும் அங்கேதான். உலகிலேயே இன்னும் ஆட்டத்தில் இருக்கும் மிகப் பழைய ஜியோகேஷிங் டப்பாவும் மேற்குக் கோடியில் மிங்கோ என்ற இடத்தில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மே 11-இல் வைத்தது.

மே 2000 என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களும் அதைப் பயன்படுத்தலாம்; ஆனால் நமக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். நூறு மீட்டர் வரை தவறும். அந்தக் கலப்படத்தை நிறுத்தும்படி அதிபர் கிளின்டன் உத்தரவிட, மே 1 நள்ளிரவில் அது நின்றது. கையில் இருந்த பழைய கருவிகளே ஒரே இரவில் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. மே 3-ஆம் தேதி ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்ற ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்ற கணினி ஆலோசகர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டில் பாதி புதைத்து வைத்தார். உள்ளே புத்தகம், மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். எண்களை இணையத்தில் எழுதினார். மூன்று நாளுக்குள் தேடிப் போனவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த வாரமே கான்சஸில் மிங்கோ முளைத்துவிட்டது.

நூறு மீட்டர் பிழை என்றால் என்ன? நூறு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய எட்டு ஏக்கர். எட்டு ஏக்கர் காட்டில் ஒரு வாளியை யார் தேடுவார்கள்? இன்று திறந்த வெளியில் நல்ல செல்பேசியின் பிழை சுமார் 5 மீட்டர். ஒளித்தவர் கருவியிலும் ஐந்து, என் கருவியிலும் ஐந்து. இரண்டும் அப்படியே கூடிப் பத்தாகாது. எந்தப் பக்கம் தவறும் என்பது தற்செயல் என்பதால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஏழு மீட்டர் வருகிறது. ஏழு மீட்டர் வட்டம் என்றால், நம் ஊர்க் கணக்கில் முக்கால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. எட்டு ஏக்கரை முக்கால் கிரவுண்டாக்கிக் கொடுத்தது செயற்கைக்கோள். அந்த முக்கால் கிரவுண்டு நம் பாடு.

முதல் நாள் மாலை ரஸ்ஸல் என்ற ஊரில் தங்கினேன். சாப்பிட்டு வெளியே வந்தபோது மேற்கே இடியோடு மேகம் திரண்டிருந்தது. சமவெளியில் மின்னல் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஓடும். மின்னியதும் எண்ணத் தொடங்கினேன். பதினைந்தாவது விநாடியில் இடி. ஒலிக்கு ஒரு கி.மீ. கடக்க மூன்று விநாடி, ஆக மேகம் ஐந்து கி.மீ.யில். சிறுவயதில் திண்ணையில் உட்கார்ந்து எண்ணியிருப்போம். ஜிபிஎஸ் செய்வதும் இதே வேலைதான், இடிக்குப் பதில் ரேடியோ அலையை வைத்து. 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் "இப்போது மணி இவ்வளவு, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது தலைக்கு நேர்மேலே இருந்தாலும் அந்தச் சேதி வந்துசேர விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். தாமதத்தை அளந்தால் தூரம் தெரியும். ஆனால் ஒரு மேகத்தின் இடியைக் கேட்டு நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்று சொல்ல முடியாது அல்லவா? மூன்று மேகம் வேண்டும். செல்பேசியில் இருப்பதோ மலிவான கடிகாரம். அதன் பிழையைச் சரிகட்ட நான்காவது ஒன்றும் வேண்டும்.

ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. ஓடிவிடும். அதனால் வானத்துக் கடிகாரம் கொஞ்சமும் பிசகக் கூடாது. ஐன்ஸ்டைன் இங்கேதான் வருகிறார். வேகமாகப் பறப்பதால் அந்த அணுக்கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி மெதுவாக ஓடும். பூமியின் ஈர்ப்பு அங்கே குறைவு என்பதால் 45 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். கழித்தால் 38. இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரே நாளில் 11 கி.மீ. தூரப்பிழை சேரும். 1977-இல் என்டிஎஸ்-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளை ஏவியபோது, திருத்தம் இல்லாமலே கடிகாரத்தைச் சுமார் இருபது நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சார்பியல் சொன்ன அளவுக்கு மிக நெருக்கமாகவே அது வேகம் காட்டியது. அதன் பிறகுதான் திருத்தத்தை இயக்கினார்கள். நம்பிக்கை இல்லாமல் வைத்த சோதனை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது நல்ல பொறியாளரின் பழக்கமாகத்தான் படுகிறது.

இன்னொன்று. ஜிபிஎஸ்ஸுக்குச் செல்பேசி கோபுரத்தின் சிக்னல் வேண்டும், இணையம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் போதும். செல்பேசி வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறது. நாம் இருப்பது செயற்கைக்கோளுக்குத் தெரியவே தெரியாது. தனியாகப் போகிறவருக்கு இதில் ஆறுதலும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

மறுநாள் அந்தச் செல்பேசியே கைவிட்டது. முன்கண்ணாடி அருகே வெயிலில் மாட்டியிருந்தேன். 'சூடு அதிகம்' என்று காட்டிவிட்டு அணைந்துபோனது. ஏசிக் காற்றுக்கு முன் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். வடக்கே போகும் 281-ஆம் எண் சாலை அது. எதிரே வரும் ஒவ்வொரு ஓட்டுநரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனார். இரு பக்கமும் கல்தூண் வேலி. மரமே இல்லாத பிரதேசம் என்பதால் அந்தக் காலத்து விவசாயிகள் சுண்ணாம்புக்கல்லைப் பிளந்து வேலிக்கால் நட்டார்கள். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடலின் அடிமண் அது. வெட்டியெடுக்கும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும்.

உயிர் வந்த செல்பேசி அடுத்த டப்பாவுக்கு என்னை அழைத்துப்போனது. வேலியோரம், புல் முழங்கால் வரை. அம்புக்குறி 'மூன்று மீட்டர்' என்றது. ஓரடி வைத்ததும் 'ஒன்பது' என்றது. தேடினேன். தூணுக்குப் பின்னால், புல்லுக்குள், கம்பிக்கு அடியில். முக்கால் மணி நேரம். சாக்ஸில் ஒரு உண்ணி ஏறியதுதான் மிச்சம். எழுபது வயதிருக்கும் ஒரு விவசாயி பிக்கப் வண்டியை நிறுத்தினார்.

"அந்த டப்பாதானே?"

"ஆமாங்க. இருக்கா, யாராவது எடுத்துட்டாங்களா?"

"இருக்கு, இருக்கு. கல்லை நல்லாப் பாருங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தூணடியில் கிடந்த நாலைந்து கற்களில் ஒன்று பிளாஸ்டிக். அதை நான் இரண்டு முறை காலால் தள்ளியிருக்கிறேன்! கடையிலேயே இப்படிப் போலிக் கல் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் மனதில் இருந்தது கறுப்பு டப்பா.

யாகோப் ஃபான் உக்ஸ்குல் என்ற உயிரியலாளர் 1934-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே தினமும் ஒரு மண் கூஜா இருக்கும். ஒருநாள் வேலையாள் அதை உடைத்துவிட்டு, பதிலுக்குக் கண்ணாடிக் கூஜா வைத்திருக்கிறார். உக்ஸ்குல் தண்ணீர் தேடினார். கண்ணெதிரே இருந்த கண்ணாடிக் கூஜா அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. தேடுகிறவனின் மனதில் முன்பே ஒரு பிம்பம் இருக்கிறது, அது பொருந்தினால்தான் கண் பார்க்கிறது என்றார் அவர். பிற்பாடு டச்சு விலங்கியலாளர் லூக் டின்பெர்கன் பறவைகளிலும் இதைக் கண்டார். புதுவகைப் புழு ஒன்று காட்டில் பெருகும்போது சிட்டுக்கள் முதலில் அதைத் தொடுவதில்லை. பிறகு திடீரென்று வாரி வாரித் தின்னும். புழு அங்கேதான் இருந்தது, கண்தான் புதிது. அன்று மாலைக்குள் நான் பார்த்த எல்லாக் கல்லும் பிளாஸ்டிக்காகத் தெரிந்தது வேறு கதை.

நான் கல்லைத் தேடிய அந்தப் பகுதியில்தான், தனியார் மேய்ச்சல் நிலத்துக்குள், மீட்ஸ் ராஞ்ச் இருக்கிறது. உள்ளே போக முடியாது; பக்கத்து ஆஸ்போர்ன் ஊரில் அதைப் பற்றி ஒரு பலகை உண்டு. 1891-இல் நில அளவையாளர்கள் அங்கே ஒரு குறி பதித்தார்கள். நாட்டை வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் அளந்த இரண்டு முக்கோணச் சங்கிலிகள் சந்திக்கும் இடம் என்பதால், 1901-இல் அதையே அமெரிக்க அளவைக்கு மூலப்புள்ளி ஆக்கினார்கள். பின்னர் கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்துகொண்டன. நமக்கும் இப்படி ஒன்று உண்டு. 1802-இல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் சங்கிலி பிடித்துத் தொடங்கிய இந்திய அளவைக்கு, அவருக்குப் பின் பொறுப்பேற்ற எவரெஸ்ட் காலத்தில் மத்தியப் பிரதேசத்தின் கலியான்பூர் மூலப்புள்ளியானது.

இந்த மூலப்புள்ளியின் கதையில் ஒரு வேடிக்கை. செயற்கைக்கோள் வந்த பிறகு, பூமியின் மையத்தை ஆதாரமாக வைத்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டார்கள். அப்போது மீட்ஸ் ராஞ்சின் தீர்க்கரேகை எண்ணே சுமார் 30 மீட்டர் அளவுக்கு மாறிப்போனது. குறி நகரவில்லை, எண் நகர்ந்தது. லண்டன் கிரீனிச்சில் தரையில் பதித்த பூஜ்ய ரேகையில் நின்று செல்பேசியைப் பார்த்தாலும் இதே கதிதான். பூஜ்யம் அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே இருக்கிறது. பழைய வரைபடத்தின் எண்ணைப் புதிய கருவியில் போட்டுவிட்டு 'டப்பா காணோம்' என்று புலம்பிய ஜியோகேஷிங்காரர்கள் உண்டு.

வடக்கே லெபனான் என்ற சிற்றூர். அமெரிக்காவின் 48 மாநிலங்களின் நடுப்புள்ளி. ஒரு கொடிக்கம்பம், ஒரு கல்மேடை, சிலர் மட்டுமே உட்காரக்கூடிய தேவாலயம். நான் போனபோது யாருமில்லை. காற்று மட்டும் கொடிக்கயிற்றைக் கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இந்த நடுப்புள்ளியை 1918-இல் எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? அட்டையில் நாட்டின் வரைபடத்தை வெட்டி, ஒரு முனையில் நிறுத்திச் சமன் பார்த்தார்கள். இருபது மைல் முன்னே பின்னே இருக்கலாம். கல்மேடையோ அந்தக் கணக்கிட்ட இடத்தில்கூட இல்லை, அரை மைல் தள்ளி இருக்கிறது. அலாஸ்காவும் ஹவாயும் 1959-இல் மாநிலங்களானபோது நாட்டின் நடுப்புள்ளி தெற்கு டகோட்டாவுக்கே ஓடிவிட்டது. லெபனான்காரர்கள் அசரவில்லை. 'ஒட்டிக் கிடக்கும் 48' என்று பலகையைத் திருத்திக்கொண்டால் முடிந்தது.

மூன்றாம் நாள் மதியம் மிங்கோ. ஊர் என்று சொல்ல முடியாது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ஒரு கிளை, பக்கத்தில் மண்பாதை. வெளியே 38 டிகிரி. இரண்டு கார்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. எதிரே வந்த குடும்பத்தில் சின்னப் பெண் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். அவள் அப்பா உடனே அவள் கையைத் தாழ்த்தினார், இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று. எங்கே இருந்தது என்று நானும் எழுதக் கூடாது. அது இந்த ஆட்டத்தின் மரியாதை.

தேட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்த தடம் இருக்கும்போது செயற்கைக்கோள் எதற்கு? புல்லில் உட்கார்ந்து பதிவேட்டை மடியில் விரித்துப் பெயர் எழுதினேன். வியர்வை பட்டு மை கலங்கியது. மூடி வைக்கும் முன் செல்பேசியைப் பார்த்தேன். இன்னும் ஆறு மீட்டர் போக வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தது.