லேப்டாப்பில் புது விண்டோஸோ லினக்ஸோ ஏற்றும் முன்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதே மாவட்டத்து மணவூரில் அந்தக் காலத்து லேப்டாப் யார் வீட்டிலாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு இப்போது வயதாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. விண்டோஸ் 11 போடலாமென்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்று கேட்கிறது. ராம், இடம் இரண்டும் இருந்தாலும் டிபிஎம்மில் பழைய லேப்டாப் மாட்டிக்கொள்ளும். கடைசியில் கடையில் கொடுத்து ஃபார்மேட் செய்து லினக்ஸ் போடுவதில்தான் முடியும். அதில் பழையது மொத்தமும் அழிந்துபோகலாம், எனவே முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

"எல்லாம் டி டிரைவில்தானே இருக்கு" என்ற தைரியம் வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரு பகுதிகள். மேலும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக சி-யில்தான் கிடக்கும். ஆதார் நகல், மாற்றுச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் அங்கேதான்.

போட்டோ, வீடியோவை யாரும் மறப்பதில்லை. மறப்பது எழுத்துருவை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வருஷக்கணக்கான வேலை சேர்ந்திருக்கும். அந்தக் கோப்புகளில் உண்மையில் பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால், வரவேற்பு வரி முழுக்கப் புரியாத ஆங்கிலமாக நிற்கும். எனவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றையும் எடுத்து வையுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

டேலி வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரை நகலெடுப்பதோடு, லைசென்ஸை முறைப்படி சரண்டர் செய்துவிட்டே ஃபார்மேட்டுக்குப் போகவேண்டும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப்புக்குள்ளேயே சேமிப்பது, பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது போலத்தான்.

நகலுக்கு வெளி ஹார்ட் டிஸ்க் நல்லது. பென் டிரைவ் என்றால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது, கல்யாண வீடியோ அங்கேதான் நிற்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும். ஆனால் அந்த மாற்றம் பென் டிரைவில் இருப்பதை அழித்துவிடும். கூகுள் டிரைவின் 15 ஜிபி இலவச இடம் சான்றிதழ்களுக்குப் போதும்.

நகல் முடிந்ததும் வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிவதாலேயே கோப்பு திறக்கும் என்று நம்பமுடியாது.

ஃபார்மேட் செய்யாமல் விண்டோஸ் 10-இலிருந்து நேராக 11-க்குப் போகிறவர்களுக்கு, பிடிக்காவிட்டால் திரும்பிவர பத்து நாள் அவகாசம் உண்டு. பழைய லேப்டாப்பில் வேலை நடக்கும்போது சார்ஜரைச் செருகியே வையுங்கள். பேட்டரி எந்த நேரத்தில் கைவிடும் என்று தெரியாது. நகல் இருக்கும் டிஸ்க்கைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு வேறெதற்கும் எடுக்காதீர்கள். விட்டுப்போன கோப்பு எதுவென்று அதைத் தேடும் நாளில்தான் தெரியவரும்.