மறைக்கப்படும் நோயும் மறுக்கப்படும் மருந்தும்



பாம்பன் முதல் தொண்டி வரை நம் கரையோர ஊர்களில் அன்றாடம் காணும் காட்சி இது. கடலிலிருந்து திரும்பியவர்கள் வலையை மணலில் விரித்து, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிந்து செப்பனிடுவார்கள். ஒரு கண்ணி அறுந்தால் ஒருவரே விரைவில் முடித்துவிடலாம். கவனியாது விட்டால், மறுமுறை கடலில் அதுவே பெருங்கிழிசலாகும். அதைச் சீராக்கத் தேர்ந்த கைகள் வேண்டும். புற்றுநோய்க்கு அண்மைக் காலத்தில் வந்துள்ள ஒரு மருந்தின் தத்துவம் இந்த எளிய காட்சிக்குள் அடங்கியிருக்கிறது. அம்மருந்து நம் வீட்டுப் பெண்களைச் சென்றடையத் தடையாக நிற்பது எது என்பதையும் சேர்த்தே சிந்திப்போம்.

உடலுக்குள் ஒரு செப்பனிடும் பணி

செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் இரட்டை இழை இருக்கிறது. உடலின் இயக்கத்திற்கான கட்டளைகள் எல்லாம் அதில்தான் எழுதப்பட்டுள்ளன. வெயிலின் புற ஊதாக் கதிர், புகையிலை நஞ்சு, செல்லுக்குள் இயல்பாகவே நிகழும் வேதி மாற்றங்கள் ஆகியவற்றால் ஒரு செல்லின் டி.என்.ஏ. நாள்தோறும் பல்லாயிரம் சேதங்களைச் சந்திக்கிறது. ஆயினும் நாம் வாழ்கிறோம். காரணம், அச்சேதங்களை ஓயாது சீராக்கும் நொதிகள் உடலில் உள்ளன.

இந்நொதிகளை ஆராய்ந்தமைக்காக 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசீஸ் சன்சார் ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. இவர்களுள் அசீஸ் சன்சார், துருக்கியின் சவூர் என்னும் சிற்றூரில், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் எட்டு மக்களுள் ஒருவராக 1946இல் பிறந்தவர். சொந்தப் பகுதியில் மருத்துவராகப் பணியாற்றிய பின்னரே ஆராய்ச்சிக்காக அமெரிக்கா சென்றார். புற ஊதாக் கதிரால் பழுதுற்ற பகுதியை நொதிகள் எவ்வாறு இருபுறமும் வெட்டி அகற்றுகின்றன என்பதை அவர் விளக்கிக் காட்டினார்.

பகைவனின் குறையே நமக்குப் படைக்கலம்

டி.என்.ஏ.யின் ஓர் இழை மட்டும் அறுந்தால் அதைச் சீராக்கத் துணைபுரிவது 'பார்ப்' என்னும் நொதி. இரண்டு இழைகளும் அறுந்தால் அவற்றைப் பிழையின்றி இணைக்க, பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்னும் மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் தேவை. இம்மரபணு ஒவ்வொன்றிலும் நமக்கு இரு பிரதிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு பிரதி பழுதுற்றிருக்கும். வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் மறு பிரதியும் கெட்டுவிட்டால், அச்செல்லில் பெருங்கிழிசலைச் செப்பனிடும் கை இல்லாமல் போகிறது. பிழைகள் பெருகிப் புற்றாக மாறுகிறது.

அத்தகைய புற்றுச் செல்லில் 'பார்ப்' நொதியையும் முடக்கிவிட்டால் என்ன ஆகும்? சிறு அறுப்புகள் பெரும் அறுப்புகளாகி, இணைக்க வழியின்றி அச்செல் மடிந்துவிடும். நல்ல செல்களிலோ மற்றொரு பிரதி நன்றாக இருப்பதால் அவை தப்பிப் பிழைக்கும். 2005இல் இங்கிலாந்தின் இரு ஆய்வுக் குழுக்கள் இதனைச் சோதனையில் நிறுவின. 2014 இறுதியில் 'ஒலாபரிப்' என்னும் மாத்திரை, சினைப்பைப் புற்றுநோய்க்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது.

பயனும் எல்லையும்

பி.ஆர்.சி.ஏ. பழுதும் முற்றிய சினைப்பைப் புற்றும் உடைய 391 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அனைவரும் முதலில் வழக்கமான கீமோதெரபி பெற்றவர்கள். மூன்றாண்டுகளுக்குப் பின் நோய் மீண்டும் தலைதூக்காமல் இருந்தவர்கள், இம்மாத்திரை உண்டவர்களுள் நூற்றுக்கு 60 பேர். உண்ணாதவர்களுள் 27 பேர். இது பெரிய வேறுபாடு. எனினும் இதனைச் சர்வரோக நிவாரணி என்று எண்ணிவிடக் கூடாது. இரத்தச் சோகை, குமட்டல், சோர்வு உண்டாகலாம். அரிதாக இரத்தப் புற்றும் வரலாம். சிலரிடம் நாளடைவில் புற்றுச் செல் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. விலையோ எளிய குடும்பங்களுக்குப் பெருஞ்சுமை.

எல்லாவற்றிற்கும் மேலாக, எவருக்கு இம்மருந்து சிறப்பாகப் பயன்படும் என்பதை மரபணுச் சோதனையே காட்டும். அச்சோதனைக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் குடும்ப வரலாறு.

நம் வீடுகளில் நடப்பது என்ன?

"உம்மம்மா வயிற்றுக் கட்டியால் மவுத்தானார்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அது என்ன கட்டி என்று கேட்டால், "பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும் வேளையில் இதை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று வாயடைக்கிறார்கள். மருத்துவர் கேட்டாலும், "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்பதே பதில். மறைக்கப்பட்ட அந்த ஒரு செய்தியால், மகளுக்குக் கிடைக்க வேண்டிய சோதனையும் மருந்தும் தவறிப் போகலாமே!

இது தொற்றுநோய் அன்று. எவருடைய குற்றமும் அன்று. பழுதுற்ற மரபணு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. மகன் வழியாகவும் அது பேத்தியை அடையும். ஆகவே தாய் வீட்டு வரலாறு மட்டும் போதாது. தந்தை வீட்டு வரலாறும் வேண்டும். பழுது இருப்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. முன்கூட்டியே அறிந்தவர் காலம் தவறாமல் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பிள்ளைப்பேறு முடிந்த பின், மருத்துவர் ஆலோசனைப்படி சினைப்பைகளை அகற்றியும் காத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் மேலைநாட்டார் கவலை என்று எண்ண வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள், தென்னிந்தியக் குடும்பங்களிலும் இப்பழுதுகளைக் கண்டறிந்துள்ளனர்.

எனவே சகோதர சகோதரிகளே, இன்றிரவு உணவுக்குப் பின் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் அமைதியாகக் கேளுங்கள். மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் ஆகியவற்றில் எவருக்கேனும் புற்று வந்ததா? எந்த வயதில் வந்தது? இரு வீட்டுச் செய்திகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அத்தாளையும் எடுத்துச் செல்லுங்கள். கிழிந்த வலையைச் சுருட்டி மூலையில் மறைத்து வைப்பவர் எவரும் இக்கரையில் இல்லை. விரித்துப் பார்த்தால்தான் கிழிசல் தெரியும்.