சீனன்குடா மாவும் நம் ஒழுங்கைக் கஞ்சியும்



திருகோணமலை உள்துறைமுகத்தின் ஓரமாகச் சீனன்குடாப் பக்கம் போகிறவர்கள் பிரீமா மாவாலையின் உயர்ந்த கட்டடங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1977இல் ஒப்பந்தமாகி, 1980இல் இயங்கத் தொடங்கிய ஆலை அது. கப்பலில் வரும் கோதுமை அங்கே அரைபட்டு நாடெங்கும் போகிறது. நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை என்பதே பலருக்கு நினைவில் இல்லை. காலையில் பாண், பத்து மணிக்குப் பணிஸ், மாலையில் ரொட்டி, இரவில் கொத்து. எல்லாம் கடல் கடந்து வந்தவைதான். அதே வீதியால் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் தம்பலகாமத்து வயல்கள், அதற்கும் அப்பால் கந்தளாய்க் குளம். கப்பலையும் வயலையும் ஒருசேரக் காணும் ஊர் நம்முடையது. ஆனால் நம் கண் எப்போதும் கப்பலில்தான்!

2022ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். டொலர் இல்லை, எரிவாயு இல்லை, பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசை. மா விலை ஏறியது. பேக்கரிகள் பல அடுப்பை அணைத்தன. அந்த நாட்களில்தான் எங்கள் ஒழுங்கையில் ஒரு சகோதரி வாசலில் விறகடுப்பை மூட்டினார். கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். பெற்றோல் இல்லாமல் வண்டி முற்றத்தில் நின்றது. வீட்டில் மூன்று பிள்ளைகள். சிவப்பரிசியை ஊறவைத்து இடித்து, மாவை வறுத்து, முதல் நாள் நாற்பது இடியப்பமும் ஒரு சட்டி சொதியும் வைத்தார். ஏழரை மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. பிறகு வல்லாரையும் முடக்கொத்தானும் அரைத்து ஊற்றிய இலைக்கஞ்சி வந்தது. பிட்டு வந்தது. இப்போது விறாந்தையில் நான்கு வாங்குகள் கிடக்கின்றன.

தொடங்கும் முன் என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்: “மௌலவி, வீட்டு வாசலில் கடை போட்டால் மஹல்லாவில் என்ன சொல்வார்கள்?” அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் செய்தவர்கள் என்பதை மத்ரஸாவின் முதலாம் ஆண்டு மாணவனும் அறிவான் என்று சொல்லி அனுப்பினேன். ஊர் வாயால் அந்தக் கடைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. மூன்றாம் மாதம் அரிசி வாங்கக் காசில்லை. கடன் கொப்பி மட்டும் நிரம்பியிருந்தது. தெரிந்தவர்கள், உறவினர், “நாளை தாறேன் ராத்தா” என்றவர்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தக் கொப்பியில் என் பெயரும் இருந்தது. மாதச் சம்பளக்காரனுக்கு முப்பது கோப்பை கஞ்சியின் விலை பெரிதாகத் தெரிவதில்லை. அவருக்கு அது அடுத்த கிழமையின் அரிசி.

இப்படிக் கடை நடத்துவது புதுமையன்று. விவசாயத் திணைக்களம் 2007இல் கன்னொருவையில் ‘ஹெல போஜுன்’ என்ற உணவகத்தை ஆரம்பித்தது. பெண்களே சமைத்து, பெண்களே விற்கிறார்கள். அரிசி, குரக்கன், பயறு, கிழங்கு, கீரை என்று நம் மண்ணில் விளைபவைக்கே அங்கு இடம். கோதுமை மாவுக்கு இடமில்லை. வட மாகாணத்தில் அதுவே ‘அம்மாச்சி’ என்ற அழகான பெயரோடு நடக்கிறது. ஒவ்வொரு பெண்ணும் தன் பதார்த்தத்தைத் தானே செய்து தானே விற்கிறாள். முதலாளி ஒருவர், கூலிக்காரிகள் பலர் என்ற அமைப்பு அங்கே இல்லை. யாழ்ப்பாணம் போகும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். கூட்டத்தைக் கண்டால் உள்ளூர் உணவை எவரும் தேடுவதில்லை என்ற பேச்சு பொய் என்பது விளங்கும்.

ஆனால் உள்ளூர்ப் பொருள் என்றால் மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியதன் பிறகு வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் எப்படி விழுந்தது என்பதை விவசாயக் குடும்பங்களைக் கேளுங்கள். அந்தத் தடையை அவ்வருடமே நீக்கியும் விளைச்சல் திரும்பவில்லை. மண்ணை ஆயத்தம் செய்யாமல் செய்த காரியம் அது. ஆகவே அறுவடை முடிந்து நெல் விலை இறங்கும்போது, அறிந்த விவசாயியிடம் நேரே சில மூடைகள் வாங்கி வைப்பதுதான் புத்தி. மாரியில் விலை ஏறும்.

மீனின் கதையும் அப்படியே. கார்த்திகை, மார்கழியில் நம் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையில் கிடக்கும். அப்போதும் பாரை மீன் குழம்புதான் வேண்டும் என்றால் விலை கையைச் சுடும். அந்த மாதங்களுக்குக் கருவாடு இருக்கிறது, குளத்து மீன் இருக்கிறது, பருப்பும் முருங்கைக்கீரையும் இருக்கின்றன. கடல் என்ன தருகிறதோ அதுதான் அன்றைய கறி என்று வாடிக்கையாளருக்குப் பழக்கிவிட வேண்டும். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மீனுக்கு அறுப்பு இல்லை. ஆகவே அது எப்படிப் பிடிபட்டது என்று நாம் கேட்பதே இல்லை. நம் கரையில் டைனமைட் வைத்து மீன் பிடிப்பவர்கள் உண்டு என்பது ஊரறிந்த விடயம். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அதைத் தடை செய்கிறது. ஒரு வெடியில் பெரிய மீனோடு குஞ்சும் சாகிறது, குஞ்சு வளரும் முருகைக்கல்லும் நொறுங்குகிறது. வலை வீசும் ஏழையின் நாளைய பிழைப்பும் அதோடு போகிறது. ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் அல்லாஹ் சேர்த்தே சொல்லியிருக்கிறான். வெடி மீனைத் தய்யிப் என்று சொல்ல என் நா எழவில்லை. கண்டுபிடிப்பது பெண்களுக்குக் கடினமல்ல. வயிற்றைக் கீறும்போது உள்ளே இரத்தம் கட்டியிருக்கும், நடு முள் முறிந்திருக்கும், சதை சீக்கிரம் குழையும். அப்படி ஒன்று வந்தால் அடுத்த நாள் அந்த வியாபாரியைத் திருப்பி அனுப்புங்கள். பத்து வீடுகள் திருப்பி அனுப்பினால் அவருக்கே புரியும்.

பொலித்தீன் லன்ச் சீற்றை 2017 செப்டெம்பரில் தடை செய்தார்கள். வாழையிலையை அனலில் லேசாக வாட்டினால் கிழியாது, சோற்றுக்கு மணமும் சேரும். சிலர் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு வருகிறார்கள். அது இன்னும் நல்லது.

விலை வைக்கும்போது நம் பெண்கள் ஒரு தவறு செய்கிறார்கள். அரிசி, தேங்காய், விறகு எல்லாவற்றையும் கூட்டுவார்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழும்பிய தங்கள் கூலியைக் கூட்டமாட்டார்கள். வீட்டு வேலைதானே என்ற எண்ணம். கடையில் செய்வது வீட்டு வேலையல்ல. எங்கள் ஒழுங்கைச் சகோதரி இதை இரண்டு வருடம் கழித்துத்தான் கணக்கில் சேர்த்தார். இடியப்பத்தின் விலை கொஞ்சம் ஏறியது. ஒரு வாடிக்கையாளரும் குறையவில்லை. கடனுக்கும் ஒரு வழி கண்டார். புதுக்கடன் இல்லை. சுவரில் எழுதி ஒட்டவில்லை, முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். காசில்லாத ஏழை வந்தால் கணக்கே இல்லை, அது வேறு.

நேற்று மத்ரஸா விட்டு வரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். “கஞ்சி முடிஞ்சு போச்சு மௌலவி, நாளைக்கு சுபஹு தொழுதிட்டு வாங்க” என்று உள்ளிருந்து குரல் வந்தது. திரும்பி நடந்தேன். பின்னாலேயே மூத்த மகன் ஓடி வந்தான்.

“பழைய கொப்பியில இன்னும் நூற்றியிருபது ரூபா இருக்காம், உம்மா சொல்லச் சொன்னா.”