மஞ்சளோடு மிளகு சேர்ப்பது ஏன்? சமையலில் சேர்க்கும் மஞ்சள் போதுமா, கேப்ஸ்யூல் தேவையா?

சளி பிடித்தால் மஞ்சள் பால், குழம்பு கொதித்தால் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் என நம்ம வீட்டுச் சமையலில் மஞ்சள் இல்லாத நாளே கிடையாது. இப்போது அதே மஞ்சள் கேப்ஸ்யூலாகவும் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. இயற்கையானதுதானே, எவ்வளவு சாப்பிட்டா என்ன என்று வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இதோ.

மஞ்சளில் என்ன இருக்கிறது?

மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது குர்குமின். 100 கிராம் மஞ்சள்தூளில் இது சராசரியாக 3 கிராம் அளவுக்கே இருக்கும். உடலில் ஏற்படும் அழற்சியைக் குறைக்கும் தன்மை இதற்கு உண்டு என்று ஆய்வக சோதனைகள் காட்டுகின்றன.

ஆனால் ஒரு சிக்கல். குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது. குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. உள்ளே போன கொஞ்சத்தையும் கல்லீரல் வேகமாக வெளியேற்றிவிடுகிறது.

மிளகு என்ன செய்கிறது?

மிளகின் காரத்துக்குக் காரணமான பைபரின், குர்குமின் வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைபரின் கொடுத்துப் பார்த்தனர். உடலுக்குக் கிடைக்கும் குர்குமின் அளவு 2,000 சதவீதம் அதிகரித்தது.

எண்ணெய், நெய் போன்ற கொழுப்பில் குர்குமின் கரையும். அதனால் மஞ்சளும் மிளகும் சேர்ந்த ரசத்துக்கு நெய்யில் தாளிப்பது ருசிக்கு மட்டுமல்ல, இந்த வகையிலும் நல்லதுதான்.

அப்போ குழம்பு மஞ்சளே மருந்தா?

இல்லை. கணக்கைப் பாருங்க. அந்த ஆய்வில் கொடுத்த 2 கிராம் குர்குமின் கிடைக்க 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் சேர்ப்பதே அதிகம். எனவே சர்க்கரை நோய்க்கோ மூட்டுவலிக்கோ டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சளை நம்புவது ஆபத்து.

மசாலாவின் உண்மையான பலன் எங்கே?

உப்பைக் குறைப்பதில். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. உப்பு கூடினால் ரத்த அழுத்தம் கூடும். சீரகம், மிளகு, பூண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி என வாசனை தூக்கலாக இருந்தால், உப்பைக் கொஞ்சம் குறைத்தாலும் சாப்பாடு சப்பென்று இருக்காது. ஆனால் சில ரெடிமேட் மசாலா பாக்கெட்டுகளில் உப்பும் கலந்திருக்கும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்க.

கேப்ஸ்யூலில் என்ன பிரச்சனை?

சமையலில் சேரும் அளவைவிட இதில் குர்குமின் பல மடங்கு அதிகம். உறிஞ்சுதலைக் கூட்ட பைபரினும் சேர்க்கிறார்கள். இத்தாலியில் 2019-ல், மஞ்சள் சப்ளிமென்ட் எடுத்துக்கொண்ட சிலருக்கு கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக சுகாதாரத் துறை எச்சரித்தது. 2023-ல் ஆஸ்திரேலியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் இதே எச்சரிக்கையை விடுத்தது.

கல்லீரல் பாதிப்பு, பித்தப்பைக் கல் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இதை எடுக்கக்கூடாது. ஏற்கெனவே எடுப்பவர்களுக்கு கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது, தீராத சோர்வு இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கலப்படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளைப் போடுங்க. கலக்க வேண்டாம். தூள் அடியில் தங்கி, தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. தண்ணீர் அடர் மஞ்சளாக மாறினால் நிறமி கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

மொத்தத்தில், மஞ்சளுக்கு ஏற்ற இடம் அஞ்சறைப் பெட்டிதான். மிளகும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து, உப்பைக் குறைத்துச் சமைத்தாலே போதும்.