இரண்டாம் பந்திப் பூக்கள்

‘மாமரத்தடியில் இரண்டு தொட்டி வைத்தேன். செண்டுமல்லி ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்து சாய்கிறது, மொட்டே இல்லை. பக்கத்திலேயே இம்பேஷன்ஸ் குட்டையாக நின்று பூத்துத் தள்ளுகிறது. ஒரே நிழல்தானே?’ என்று கேட்கிறார் கோவை வாசகி ஒருவர்.

நர்சரியில் இம்பேஷன்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது நம் காசித்தும்பையின் கிழக்கு ஆப்பிரிக்கச் சொந்தம். அட்டையில் ‘நிழல் விரும்பி’ என்று போட்டிருப்பார்கள். முழுக்க நம்ப வேண்டாம். இருட்டை விரும்பும் பூச்செடி கிடையாது. சில செடிகளுக்குப் பொறுமை அதிகம், அவ்வளவுதான். உச்சிவெயில் 1,00,000 லக்ஸ் என்றால் திறந்தவெளி நிழல் 10,000 சொச்சம், ஹாலில் சோபா ஓரம் சில நூறு. நம் கண்தான் இந்த வித்தியாசத்தை அமுக்கிக் காட்டி ஏமாற்றுகிறது. சோபா ஓரத்தில் இம்பேஷன்ஸும் கைவிரித்துவிடும்.

சரி, செண்டுமல்லி ஏன் நீண்டது? வெளிச்சம் குறைந்தது பாதிக் காரணம். வந்ததோ எச்சில் வெளிச்சம்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மாவிலைகள் முதல் பந்தி. சிவப்பையும் நீலத்தையும் வழித்துச் சாப்பிட்டுவிடும். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கிற தூரச்சிவப்பு மட்டும் அவற்றுக்கு இறங்காது. அது அப்படியே கீழே வருகிறது. வெயிலில் சிவப்பும் தூரச்சிவப்பும் ஏறக்குறைய சமம். அடர்ந்த மரத்தடியில் சிவப்பு, தூரச்சிவப்பில் பத்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கும். பாயசப் பாத்திரம் காலி, ரசம் மட்டும் தளும்புகிறது என்றால் என்ன அர்த்தம்? மேலே யாரோ உண்டு முடித்து ஏப்பமும் விட்டாயிற்று. சுவர் நிழல் வேறு. அது கஞ்சன் வீட்டுக் கல்யாணம்: எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், மெனு மாறவில்லை. செடி அங்கேயும் சற்று நீளும்; இப்படிப் பதறாது.

பாத்திரத்தை எட்டிப்பார்ப்பது ஃபைட்டோகுரோம் என்ற நிறமி. 660 நானோமீட்டர் சிவப்பு பட்டால் விழிக்கும். 730 தூரச்சிவப்பு பட்டால் தூங்கிவிடும். விழித்திருக்கும்வரை, தண்டை நீட்டச் சொல்லும் புரதங்களின் காதைத் திருகி வைத்திருக்கும். அது கண்ணயர்ந்ததும் அவை ஆட்டம் போடும். ஆக்சின் பெருகும், இலைக்குப் போக வேண்டிய சரக்கு தண்டுக்குப் போகும். செண்டுமல்லி முதல் பந்தியில் இடம்பிடிக்க ஓடுகிறது. மாமரத்தை முந்த முடியாது என்று அதற்கு யார் சொல்வது! காட்டுத் தரையில் பழகிய செடிகளோ சேதி தெரிந்தும் அலட்டிக்கொள்வதில்லை, வீட்டுக்காரம்மா கடைசிப் பந்திக்குக் காத்திருப்பதைப்போல.

இந்த விழிப்பு-தூக்கத்தின் வரலாறு வேண்டுவோருக்கு: 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லெட்டூஸ் விதைகளுக்கு இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியில் பட்டது சிவப்பானால் முளைத்தன, தூரச்சிவப்பானால் உறங்கின. போதும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, 1990இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் காட்டியது. பக்கத்துச் செடியின் நிழல் விழுவதற்கு முன்பே, அதன் இலையில் பட்டுத் தெறிக்கும் தூரச்சிவப்பைத் தண்டு மோப்பம் பிடித்துவிடுகிறது. ஊமத்தை இனக் கன்றின் தண்டைச் சுற்றி மயில்துத்தக் கரைசல் நிரப்பிய வளையம் மாட்டி அந்த ஒளியை வடிகட்டினார்கள், நீட்சி அடங்கிவிட்டது.

ஆகவே அம்மா, இம்பேஷன்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். செண்டுமல்லியை வெயிலுக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் மற்ற தொட்டிகளோடு இலை உரச அடுக்கிவிடாதீர்கள். வெயிலிலும் நீண்டு சாயும்.